கம்ப்யூட்டர் சூடாகி நிற்கிறதா?
எந்தப் பசை வாங்கலாம், எவ்வளவு தடவலாம்: ஒரு வீட்டுக் கணக்கு

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் திடீர் என்று நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் ஆறவிட்டுப் பொத்தானை அழுத்தினால் மறுபடியும் ஓடுகிறது. அரை மணி நேரத்தில் திரும்பவும் படுத்துக்கொள்கிறது.

அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால், "மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று ஒருவர் சொல்வார். "இது பழைய மாடல், இதோடு மல்லுக்கட்டாதீர்கள், வேறு வாங்கிவிடுங்கள்" என்று இன்னொருவர் சொல்வார். எப்படிப் பார்த்தாலும் ஆயிரக் கணக்கில் செலவு.

ஆனால் பல நேரங்களில் மதர்போர்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பிராசசரின் தலையில் தடவியிருந்த ஒரு சிட்டிகைப் பசை காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும். அதைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவினால் மிஷின் பழையபடி ஓடும். அதற்கான செலவு சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

இந்தப் பசையைக் கடைக்காரர்கள் "தெர்மல் பேஸ்ட்" என்கிறார்கள். ரேடியோ ரிப்பேர் செய்த பழைய ஆட்கள் "ஹீட் சிங்க் காம்பவுண்டு" என்பார்கள். மும்பையில் லாமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, டெல்லியில் நேரு பிளேஸ், சென்னையில் ரிச்சி தெரு என்று எங்கே போனாலும் பத்துத் தினுசு பசை தொங்குகிறது. வெள்ளை, சாம்பல், பொன் நிறம், வெள்ளி நிறம் என்று நிறத்துக்கு ஒரு விலை. எதை வாங்குவது?

பசைக்கு அங்கே என்ன வேலை?

கம்ப்யூட்டரின் மூளை பிராசசர். அது வேலை செய்யும்போது உஷ்ணம் கிளம்புகிறது. எவ்வளவு உஷ்ணம் என்பதற்கு ஓர் உதாரணம் பாருங்கள்.

1981-ல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட முதல் பெர்சனல் கம்ப்யூட்டரில் இருந்த இன்டெல் 8088 பிராசசருக்கு மேலே விசிறி கிடையாது. உஷ்ணம் இறக்கும் தகடும் கிடையாது. அது அவ்வளவு சாதுவாக இருந்தது. 1993-ல் வந்த பென்டியம் 66 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் சுமார் 16 வாட் உஷ்ணம் கக்கியது. இன்று வீட்டிலும் ஆபீசிலும் இருக்கும் சாதாரண டெஸ்க்டாப் பிராசசரின் மீது 65 வாட் என்று போட்டிருக்கிறார்கள். வேலை மும்முரமானால் அதற்கு மேலும் போகும். 2022-ல் வந்த இன்டெல் 13900-கே பிராசசர் உச்சத்தில் 253 வாட் வரை இழுக்கும்.

65 வாட் என்றால் சாமானியம் இல்லை. ரேடியோ மெக்கானிக் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். பழைய 60 வாட் குண்டு பல்பை எரியும்போது கையால் தொட முடியாது. அதே அளவு உஷ்ணம், தபால்தலை அளவு சில்லில் இருந்து கிளம்புகிறது. அதை உடனுக்குடன் வெளியே கொண்டுபோக வேண்டும்.

அதற்காகத்தான் பிராசசரின் மேல் அலுமினியம் அல்லது செம்புத் தகடுகளும், அதற்கு மேல் ஒரு விசிறியும் வைக்கிறார்கள்.

இங்கேதான் சிக்கல். பிராசசரின் மேல் மூடியும் தகட்டின் அடிப்பாகமும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும். உண்மையில் இரண்டிலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. இரண்டு அப்பளங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் எப்படி இருக்கும்? மேடுகள் மட்டும் தொட்டுக்கொள்ளும், மற்ற இடம் எல்லாம் காற்று. அதே கதைதான் இங்கும்.

காற்று உஷ்ணத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. உஷ்ணம் கடத்தும் திறனை எண்ணில் சொன்னால் செம்புக்கு சுமார் 400, அலுமினியத்துக்கு சுமார் 237, காற்றுக்கு வெறும் 0.026. மேடு பள்ளங்களில் அடைந்து கிடக்கும் அந்தக் காற்றை விரட்டி, அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வதுதான் பசையின் வேலை.

பசை ஒன்றும் செம்பைவிட உசத்தி அல்ல. உலோகம் உலோகத்தைத் தொடும் இடத்தில் பசையே வேண்டாம். தொடாத இடத்துக்கு மட்டும்தான் அது வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

கடையில் கிடைக்கும் தினுசுகள்

வெள்ளைப் பசை: சிலிக்கோன் எண்ணெயில் துத்தநாக ஆக்சைடு பொடியைக் குழைத்தது. டிரான்சிஸ்டர் காலத்தில் இருந்து வழக்கத்தில் உள்ளது. இந்த வகையில் பேர்போன டவ் கார்னிங் 340 என்ற பசையின் எண் 0.67. ஆம்பிளிஃபயர், இன்வெர்ட்டர் போன்றவற்றுக்கு இது போதும். பிராசசருக்கு அவசரத்துக்குத் தடவலாமே தவிர, தேடிப்போய் வாங்க வேண்டியது இல்லை.

மலிவுப் பசை: ஊசியிலும் சிறு டப்பாவிலும் வரும் ஹெச்.ஒய். வரிசை எல்லாக் கடையிலும் கிடைக்கும். வெள்ளையான 410-க்குக் கம்பெனி போடும் எண் 1.42. சாம்பல் நிற 510-க்கு 1.93. அதே வரிசையில் 880 என்பதற்கு 5.15. நிறத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. பொன் நிறப் பசை என்றால் தங்கம் கலந்தது என்று அர்த்தம் இல்லை.

நடுத்தரப் பசை: அலுமினியம் ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு, கார்பன் துகள்கள் போன்றவற்றை மிக நுண்ணியதாக அரைத்துச் சேர்த்தது. ஆர்க்டிக் கம்பெனியின் எம்.எக்ஸ்-4, நாக்டுவா கம்பெனியின் என்.டி.-ஹெச்.1 ஆகியவை இந்த ரகம். எம்.எக்ஸ்-4க்குக் கம்பெனி போட்ட எண் 8.5. மின்சாரத்தைக் கடத்தாது. அக்கம் பக்கத்தில் கொஞ்சம் சிந்தினாலும் ஆபத்து இல்லை. வீட்டு உபயோகத்துக்கு இந்த ரகம்தான் ஏற்றது.

வெள்ளிப் பசை: ஆர்க்டிக் சில்வர் 5 இதில் பழைய பெயர். மேலே சொன்ன கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வெள்ளித் துகள் நிஜமாகவே உண்டு. முழுப் பலன் தெரிய 200 மணி நேரம் வரை ஆகும் என்று அதன் கம்பெனியே சொல்கிறது. மின்சாரத்தைக் கடத்தாது என்றாலும், பின்களின் மீது படாமல் பார்த்துக்கொள்ளவும் அறிவுறுத்துகிறது.

உயர்தரப் பசை: தெர்மல் கிரிஸ்லியின் கிரையோனாட் போன்றவை. கம்பெனி போடும் எண் 12.5. ஒரு கிராம் சிறு குழாய்க்கே நல்ல விலை. பந்தய வேகத்தில் கம்ப்யூட்டரை ஓட்டுகிறவர்களை உத்தேசித்துச் செய்தது.

திரவ உலோகம்: காலியம், இண்டியம் போன்ற உலோகங்களின் கலவை. பாதரசம் மாதிரி உருண்டு ஓடும். கிரிஸ்லி கம்பெனியின் கண்டக்டோனாட்டுக்குப் போட்டிருக்கும் எண் 73. 2020-ல் வந்த பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுப் பெட்டியில் சோனி கம்பெனி இந்த வகையைத்தான் வைத்தது. ஆனால் அது தொழிற்சாலையில் ஒழுகாமல் அடைப்புக் கட்டி வைத்தது. வீட்டில் இதைத் தொடாமல் இருப்பது நல்லது. காரணம் இரண்டு. ஒன்று, இது மின்சாரத்தைக் கடத்தும். ஒரு துளி சிந்தினால் மதர்போர்டு நிஜமாகவே போய்விடும். இரண்டு, பாதரசம் பட்ட தங்க வளையல் என்ன ஆகிறது என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். காலியம் பட்ட அலுமினியமும் அப்படித்தான் உளுத்துப்போகும்.

உருகும் தகடு: ஹனிவெல் கம்பெனியின் பி.டி.எம். 7950 இதில் பிரபலம். பார்க்க மெல்லிய சாம்பல் நிறக் காகிதம் போல இருக்கும். சுமார் 45 டிகிரி சூட்டில் இளகி, மேடு பள்ளங்களை நிரப்பிக்கொள்ளும். பசையைப் போலக் காய்ந்து ஓரத்துக்கு ஒதுங்குவது குறைவு. அதனால் லேப்டாப்புகளுக்கு மிகவும் உகந்தது. இதில் போலியும் உண்டு. தெரிந்த கடையில் மட்டும் வாங்க வேண்டும்.

எண்ணை நம்பலாமா?

12.5 என்பது 8.5-ஐவிடப் பெரிது. அப்படியானால் அதுதானே உசத்தி என்று தோன்றும். குமாஸ்தா வேலை பார்த்துப் பழகியவர்கள் இங்கே கொஞ்சம் பேனாவைப் பிடிக்க வேண்டும்.

முதலில், இந்த எண்களை எல்லாக் கம்பெனிகளும் ஒரே முறையில் அளப்பது இல்லை. அளப்பதற்கு ஒரு பொது விதி இருந்தாலும், எந்த அழுத்தத்தில், எவ்வளவு கனத்தில் அளந்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். கம்பெனிகள் எண்ணை ஊதிப் பெரிதாக்கிப் போடும் வழக்கமும் உண்டு. இதனால்தான் 2022-ல் வெளியிட்ட எம்.எக்ஸ்-6 பசைக்கு ஆர்க்டிக் கம்பெனி இந்த எண்ணை அச்சிடவே இல்லை.

சரி, அச்சிட்ட எண் எல்லாம் சத்தியம் என்றே வைத்துக்கொள்வோம். பலன் எவ்வளவு?

65 வாட் உஷ்ணம், 3 சதுர சென்டிமீட்டர் இடத்தின் வழியாக மேலே போகிறது என்று கொள்வோம். பசையின் கனம் ஒரு மில்லி மீட்டரில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 0.05 மில்லி மீட்டர். பசையின் கீழ்ப்பக்கத்துக்கும் மேல்பக்கத்துக்கும் இடையே எத்தனை டிகிரி வித்தியாசம் வரும்? வாட்டைக் கனத்தால் பெருக்கி, இடத்தாலும் பசையின் எண்ணாலும் வகுத்தால் விடை கிடைக்கும்.

எண் 1 உள்ள பசை: சுமார் 11 டிகிரி.
எண் 2 உள்ள பசை: சுமார் 5.5 டிகிரி.
எண் 4 உள்ள பசை: சுமார் 2.7 டிகிரி.
எண் 8 உள்ள பசை: சுமார் 1.4 டிகிரி.
எண் 12 உள்ள பசை: சுமார் 0.9 டிகிரி.

இதை மேலிருந்து கீழே பாருங்கள். 1-ல் இருந்து 4-க்குப் போனால் 8 டிகிரிக்கு மேல் லாபம். 4-ல் இருந்து 8-க்குப் போனால் ஒன்றரை டிகிரிகூட இல்லை. 8-ல் இருந்து 12-க்குப் போனால் அரை டிகிரிதான்!

அந்த அரை டிகிரிக்கு இரண்டு மடங்கு விலை கொடுப்பது, சம்பளத் தேதிக்கு முன்னால் நமக்குக் கட்டுப்படியாகாது. அதே சமயம், இருபது ரூபாய் மிச்சம் பிடிக்க எண் 1 உள்ள வெள்ளைப் பசையைத் தடவினால் பத்து டிகிரியை இழக்கிறோம். அதுவும் சிக்கனம் அல்ல. நடுத்தர ரகம் என்று சொன்னதற்கு இதுதான் காரணம்.

இதே கணக்கில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பசையின் கனம் இரண்டு மடங்கானால் வித்தியாசமும் இரண்டு மடங்காகும். அதாவது எண் 8 உள்ள நல்ல பசையைத் திருகு சரியாக இறுக்காமல் இரட்டைக் கனத்துக்கு விட்டுவைத்தால், அது எண் 4 உள்ள பசைக்குச் சமம். விலை உயர்ந்த குழாயைவிட ஒழுங்காக இறுக்கிய நாலு திருகு மேல்.

ஆபீஸ் மிஷின் வீட்டுக்கு வந்தால்...

நம்மவர்கள் வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர்களில் பல, கம்பெனிகள் கழித்துவிட்ட பழைய மிஷின்கள். குறைந்த விலைக்கு நல்ல சரக்கு, சந்தேகம் இல்லை. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் பிள்ளைகள் படிப்பதும், டைப்பிங் வேலை எடுத்துச் செய்வதும், ஜி.எஸ்.டி. கணக்கு ஏற்றுவதும் இவற்றில்தான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மிஷின் ஆபீசில் இருந்தபோது குளிர்சாதன அறையில் 24 டிகிரியில் இருந்தது. இப்போது தகரக் கூரையின் கீழ், மே மாதத்தில் 36 டிகிரியில் இருக்கிறது. அறையின் சூடு எவ்வளவு கூடுகிறதோ, ஏறத்தாழ அவ்வளவும் பிராசசரின் சூட்டிலும் கூடும். ஆபீசில் 70 டிகிரி காட்டிய பிராசசர், வீட்டில் 82 காட்டும். அதோடு பசையும் காய்ந்துபோய் இன்னும் ஒரு 15 டிகிரி ஏறிவிட்டது என்று வையுங்கள். 97 ஆகிவிட்டது!

இன்டெல் பிராசசர்கள் பலவற்றுக்கு 100 டிகிரிதான் எல்லை. ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசைக்கு 95 டிகிரி. எல்லையை நெருங்கியதும் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "மிஷின் ஆமை மாதிரி நகர்கிறது" என்று நாம் அலுத்துக்கொள்வது அப்போதுதான். அதற்கும் மேலே சூடு ஏறினால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும்.

நிற்பது நோய் அல்ல, தற்காப்பு. ஆனால் பையன் ஆன்லைனில் பரீட்சை எழுதும்போதோ, கடைசித் தேதியில் ரிட்டர்ன் ஏற்றும்போதோ நின்றால் நஷ்டம் நமக்குத்தான். பகலில் கடையில் குமாஸ்தாவாக இருந்துவிட்டு இரவில் டைப்பிங் எடுத்துச் செய்கிறவருக்கு, ஒரு வாரம் மிஷின் படுத்தால் அந்த வார வருமானம் போச்சு.

முதலில் சூட்டை அளக்க வேண்டும்

ஜுரம் அடிக்கிறதா என்று பார்க்காமல் மாத்திரை போடக்கூடாது. சூட்டைக் காட்டுவதற்கு இலவச புரோகிராம்கள் இருக்கின்றன. ஹெச்.டபிள்யூ. இன்ஃபோ, கோர் டெம்ப் ஆகிய இரண்டும் பலர் உபயோகிப்பவை. பிராசசருக்குள்ளேயே சூடு அளக்கும் கருவி உண்டு. அது சொல்வதை இவை படித்துக் காட்டுகின்றன.

சும்மா இருக்கும்போது ஒரு தடவையும், வீடியோ ஓடும்போதோ பெரிய வேலை நடக்கும்போதோ ஒரு தடவையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேலையின்போது 60 முதல் 80 டிகிரி வரை இருந்தால் கவலைப்பட ஒன்றும் இல்லை. வேலை ஆரம்பித்த சில விநாடிகளிலேயே 95-க்குத் தாவினால், உஷ்ணம் தகட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். பசை காய்ந்திருக்கலாம், அல்லது தகடு சரியாக உட்காராமல் இருக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பல நிமிடங்களில் சூடு ஏறினால், பெரும்பாலும் விசிறியிலும் தகட்டிலும் தூசி அடைந்திருக்கும்.

அப்படித் தூசி அடைந்திருந்தால் பசை மாற்றிப் பயன் இல்லை. முதலில் தூசியைத் தட்டுங்கள். ஒரு பழைய பெயின்ட் பிரஷ் போதும். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு தட்ட வேண்டும். லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து உபயோகித்தால் அடியில் உள்ள காற்றுத் துளை அடைபடும். ஒரு பலகையின் மேல் வைத்தாலே சூடு குறைவதைப் பார்க்கலாம்.

இன்டெல் பிராசசரோடு வரும் விசிறிகள் பலவற்றுக்கு நாலு மூலையிலும் அமுக்கிப் பூட்டும் பிளாஸ்டிக் ஊசிகள் இருக்கும். அவற்றில் ஒன்று கழன்றாலும் தகடு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். எத்தனை உசத்தியான பசை தடவினாலும் அப்போது பலன் இல்லை. நாலையும் ஆட்டிப் பாருங்கள்.

பசை மாற்றும் முறை

1. மின் இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். கேபினெட்டின் இரும்பைக் கையால் ஒரு தடவை தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலை மின்சாரம் இறங்கிவிடும்.

2. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 ரகமாக இருந்தால், கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் மிஷினை ஓட்டிச் சூடாக்கிவிட்டு நிறுத்துங்கள். தகட்டை மெல்ல இடமும் வலமுமாகத் திருகியபடி எடுங்கள். வெடுக்கென்று இழுத்தால், காய்ந்த பசையோடு ஒட்டிக்கொண்டு பிராசசரே பிடுங்கி வந்துவிடும். அதன் கால்கள் வளைந்தால் பெருநஷ்டம்.

3. பழைய பசையைக் காகிதத்தால் துடைத்துவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் மீண்டும் துடையுங்கள். எலக்ட்ரானிக் கடைகளில் இது கிடைக்கும். தண்ணீர், மண்ணெண்ணெய், நகப்பூச்சு அழிக்கும் திரவம் ஆகியவை கூடாது. கத்தியால் சுரண்டவும் கூடாது.

4. டெஸ்க்டாப் பிராசசராக இருந்தால் நடுவில் ஒரு பட்டாணி அளவு பசை வைத்தால் போதும். தகடு அமுங்கும்போது அதுவே பரவிவிடும். லேப்டாப்பில் சில்லுக்கு மேல் மூடி இருக்காது. அதில் மூலை முடுக்கு விடாமல் முழுவதும் மெல்லியதாகத் தடவ வேண்டும்.

5. திருகுகளைக் குறுக்காக, எதிர் எதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். லேப்டாப் தகடுகள் பலவற்றில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும். அந்த வரிசைப்படியே இறுக்க வேண்டும்.

6. விசிறியின் வயரை மறுபடியும் மாட்டினீர்களா என்று பாருங்கள். பிறகு மிஷினை ஓட்டி, முன்பு எழுதி வைத்த சூட்டோடு ஒப்பிடுங்கள்.

பசையின் அளவுக்கு நம் ஊர் உதாரணம் ஒன்று உண்டு. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு! கொஞ்சம் தடவினால் சிவக்கும். அள்ளி அப்பினால் வாய் வெந்துபோகும்.

செய்யக் கூடாதவை

பற்பசை தடவினால் போதும் என்று ஒரு யோசனை பல காலமாக உலவுகிறது. முதல் நாள் அது ஓரளவு வேலை செய்யவும் செய்யும். அதில் தண்ணீர் இருப்பதுதான் காரணம். சூட்டில் தண்ணீர் வற்றியதும் சுண்ணாம்புக் கட்டியாகிவிடும். பழையதைவிட மோசமாகும்.

இதைவிட ஆபத்தானது "ஹீட் சிங்க் பிளாஸ்டர்". பசை இருக்கும் அதே வரிசையில், அதே மாதிரி வெள்ளைக் குழாயில் தொங்கும். இது பசை அல்ல, கோந்து. சின்னச் சில்லுகளின் மேல் தகடு ஒட்டுவதற்காகச் செய்தது. இதைப் பிராசசரில் தடவினால் தகடு ஒட்டிக்கொண்டு மறுபடி கழற்ற முடியாது. வாங்கும்போது பெயரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள்.

லேப்டாப்பில் பிராசசரைச் சுற்றி இருக்கும் சில்லுகளின் மேல் ரப்பர் போன்ற மெத்தைத் துண்டுகள் ஒட்டியிருக்கும். அவை பெரிய இடைவெளியை நிரப்புவதற்காக வைத்தவை. கிழியாமல் எடுத்து, இருந்த இடத்திலேயே வையுங்கள். அவற்றை எடுத்துவிட்டுப் பசை தடவினால் இடைவெளி நிரம்பாது.

புதிய விசிறி வாங்கினால் அதன் அடியில் கம்பெனியே பசை தடவி அனுப்புவது உண்டு. அதைத் துடைத்துவிட்டு வேறு பசைக்குச் செலவு செய்ய அவசியம் இல்லை.

கடையில் கொடுத்தால்...

எல்லோருக்கும் திருகுக்கோலைப் பிடிக்கத் தைரியம் வராது. அதிலும் லேப்டாப்பைத் திறப்பது பழக்கப்பட்ட கைக்கு உரிய வேலை. கடையில் கொடுத்துச் செய்வதில் தவறு இல்லை. அப்போது நாலு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்.

"என்ன பசை போடுவீர்கள்?" என்று முன்கூட்டியே கேளுங்கள். பெயர் சொல்லாமல் "நல்ல பேஸ்ட்" என்றால், டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள்.

முடிந்தால் பசையை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். 4 கிராம் குழாய் ஒன்று பல தடவைக்கு வரும். மீதியை மூடி போட்டு வைத்துக்கொள்ளலாம். அக்கம் பக்கத்து வீட்டார் நாலு பேர் சேர்ந்து ஒரு குழாய் வாங்கினால் ஆளுக்கு நூறு, இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

கண் எதிரில் செய்யச் சொல்லுங்கள். டெஸ்க்டாப்புக்கு அரை மணி நேர வேலை. "விட்டுவிட்டுப் போங்கள், நாலு நாள் கழித்து வாருங்கள்" என்பதற்கு இதில் அவசியம் இல்லை.

வேலைக்கு முன்னும் பின்னும் சூடு எவ்வளவு என்று காட்டச் சொல்லுங்கள். வாடகைச் சீட்டு, ரேஷன் கார்டு என்று எல்லாவற்றிலும் எண்ணைச் சரிபார்க்கும் நாம், இதில் மட்டும் ஏன் வாய்ச்சொல்லை நம்ப வேண்டும்? 97 இருந்தது 78 ஆனது என்றால் கொடுத்த காசு வேலை செய்திருக்கிறது. அப்போதும் 97 என்றே காட்டினால், தூசி, விசிறி, தகடு இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்து, அதற்குப் பிறகும் மிஷின் நின்றால் மட்டும் மின்சாரம் தரும் பெட்டியையும் மதர்போர்டையும் சந்தேகிக்கலாம்.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை?

நல்ல பசை வருடக் கணக்கில் தாங்கும். எம்.எக்ஸ்-4 பசை 8 ஆண்டு தாங்கும் என்று அதன் கம்பெனி சொன்னது. எனவே மாதா மாதம் மாற்ற வேண்டிய வேலை இது அல்ல. அடிக்கடி கழற்றுவதும் ஆபத்துதான்.

லேப்டாப் விஷயம் கொஞ்சம் வேறு. அதில் சில்லு சூடாகி விரிவதும் ஆறிச் சுருங்குவதுமாக இருப்பதால், இளகலான பசை கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். அதற்குக் கெட்டியான பசை, அல்லது முன்பு சொன்ன உருகும் தகடு நல்லது. ஆண்டுக்கு ஒரு தடவை, கோடைக்கு முன்னால் தூசி தட்டி, சூட்டை அளந்து பாருங்கள். போன வருடக் குறிப்பைவிடப் பத்து டிகிரிக்கு மேல் கூடியிருந்தால் பசையை மாற்றலாம். கூடவில்லை என்றால் கை வைக்க வேண்டாம்.

பழைய மிஷின் வாங்குகிறவர்கள் மட்டும் காத்திருக்க வேண்டாம். அது எத்தனை வருடம் ஓடியது, கடைசியாக யார் திறந்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. வாங்கிய கையோடு தூசி தட்டிப் பசையையும் மாற்றிவிடுங்கள். பேரம் பேசும்போதே "பசை மாற்றிச் சூட்டை அளந்து காட்டிக் கொடுங்கள்" என்று கேட்டால், மனசாட்சி உள்ள வியாபாரி மறுக்க மாட்டார்.

பத்தாவது, பன்னிரண்டாவது முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் நம் பேட்டைகளில் நிறைய இருக்கிறார்கள். ஒரு திருகுக்கோல், ஒரு பிரஷ், ஒரு குழாய் பசை, ஒரு புட்டி ஆல்கஹால்: இவ்வளவுதான் இந்தத் தொழிலுக்கு முதல். கழித்துப் போட்ட மிஷின் ஒன்றில் நாலு தடவை கழற்றி மாட்டிப் பழகினால் கை வந்துவிடும். சூட்டை எழுதிக் காட்டி, நியாயமான கூலி வாங்கும் பையன் ஒருவன் தெருவில் இருந்தால், அந்தத் தெருவில் யாரும் காய்ந்த பசைக்காக மதர்போர்டு வாங்க மாட்டார்கள்.